பேக்யார்டுக்கு எந்த ஃபர் மரம்? டக்ளஸ், கிராண்ட், நோபிள், கான்கலர், நார்ட்மன், கொரியன்: ஒண்ண சாகடிச்சவன் சொல்ற கணக்கு

அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம், சியாட்டில் பக்கம் வீடு வாங்கற நம்ம ஆளுங்களுக்கு ரெண்டாவது வருஷம் கட்டாயம் இந்த ஆசை வந்துடும். ஜன்னலத் தொறந்தா எதிர்ல சரிவு முழுக்க கோபுரம் கோபுரமா பச்சையா நிக்குது, நம்ம பேக்யார்டுல மட்டும் பில்டர் நட்டுட்டுப் போன ரெண்டு ஒல்லிப்பிச்சான் மேப்பிள். சரி நாமளும் ஒரு ஃபர் (ஊசி இலை, கூம்பு மாதிரி வளர்ற கிறிஸ்மஸ் மர வகை) வெச்சிடுவோம்னு கிளம்பி நர்சரிக்குப் போனா அங்க ஆறு வகை நிக்கும், எல்லாமே 5 அடி உயரத்துல ஒரே மாதிரி அழகா இருக்கும், எதை எடுக்கறதுன்னு தெரியாம பாக்க நல்லா இருக்கறத தூக்கிட்டு வந்துடுவோம். நானும் அப்படித்தான் தூக்கிட்டு வந்தேன்.

போன மாசம் மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க. ஒருத்தருக்கு சமாமிஷ்ல புது வீடு, டெக்குக்கும் வேலிக்கும் நடுவுல 22 அடிதான். இன்னொருத்தருக்கு பாத்தெல்ல அரை ஏக்கர். மூணாவது ஆள் கிறிஸ்மஸுக்கு தொட்டியோட மரம் வாங்கி ஹால்ல வெச்சிருந்தாரு, இப்ப அத என்ன பண்றதுன்னு முழிக்கறாரு. மூணு பேருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் ஒரே இடத்துல எழுதிடறேன்.

முன்னாடியே சொல்லிடறேன், நான் ஆர்பரிஸ்ட் (மரத்துக்கு வைத்தியம் பாக்கற நிபுணர்) எல்லாம் கிடையாது. 2016ல ஒரு நோபிள் ஃபர் வெச்சு 2019ல காஞ்சு போனத புடுங்கிப் போட்டவன், அதுக்கப்புறம் ஒரு நார்ட்மன் வெச்சு அது இப்ப என்னைவிட உசரமா நிக்குது, வீட்டோட வந்த பெரிய டக்ளஸ் ஒண்ணு 2024 நவம்பர் புயல்ல ராத்திரி முழுக்க ஆடி எங்க தூக்கத்தைக் கெடுத்துட்டு இன்னும் நிக்குது. அவ்ளோதான் என் தகுதி.

ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு இன்னொரு விஷயம். நம்ம ஊர் நர்சரில கிறிஸ்மஸ் ட்ரீன்னு விக்கறது அரௌகேரியா, சில வீட்ல சவுக்கு கிளையே கிறிஸ்மஸ் மரம், ரெண்டும் ஃபர் கிடையாது. அதனால "எங்க வீட்ல தொட்டியிலயே வெச்சிருந்தோமே"ங்கற அனுபவம் இங்க ஒதவாது.

## மொதல்ல என்னென்ன பாக்கணும்

தண்ணி வடியுதா. என்னைக் கேட்டா இதுதான் நம்பர் ஒண்ணு, மத்ததெல்லாம் அப்புறம். சியாட்டில் சுத்துவட்டாரத்துல நெறைய எடத்துல மேல ஒரு அடி ரெண்டு அடிதான் மண்ணு, அதுக்குக் கீழ பழைய பனிப்பாறை அழுத்தி வெச்சுட்டுப் போன ஹார்ட்பான்ங்கற கெட்டி மண் அடுக்கு, கடப்பாறை போட்டாலும் டங்குனு சத்தம் வரும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பெய்யற மழை அதுக்கு மேலயே நின்னுடும். வேர் மூச்சு முட்டும், பைட்டோஃப்தோரான்னு ஒரு வேரழுகல் வரும், மரம் வெளில பச்சையா சிரிச்சிட்டு உள்ள செத்துட்டு இருக்கும். டெஸ்ட் ரொம்ப ஈசி: மழைக்காலத்துல ஒரு அடி ஆழம் குழி தோண்டி தண்ணி ஊத்தி வடியவிட்டு, மறுபடி ஊத்தி, ஒரு மணி நேரத்துல எத்தன இன்ச் இறங்குதுன்னு ஸ்கேல் வெச்சுப் பாருங்க. ஒரு இன்ச்சுக்குக் கம்மின்னா அது ஃபருக்கு மோசமான எடம். (தோண்டறதுக்கு முன்னாடி 811க்கு போன் பண்ணி கேஸ் லைன், கரண்ட் லைன் மார்க் பண்ணச் சொல்லிடுங்க, அது ஃப்ரீ.)

கோடை. மழை ஊர் மழை ஊர்னு பேருதான், ஜூலை ஆகஸ்ட் ரெண்டு மாசமும் சேத்து பாத்தாலே ரெண்டு இன்ச் மழை தேறாது. 2021 ஜூன் 28 அன்னிக்கு சியாட்டில்ல 108 டிகிரி ஃபாரன்ஹீட் அடிச்சுது, நம்ம கணக்குல 42 செல்சியஸ், வேலூர் வெயில். அதுக்கடுத்த வாரம் ரோட்டோரம் எந்த மரத்தப் பாத்தாலும் மேற்குப் பக்கம் மட்டும் இஸ்திரிப் பெட்டி வெச்ச மாதிரி கருகி இருந்துச்சு. பக்கத்து மாநிலம் ஓரிகன்ல 2022ல பிளேன்ல போய் எடுத்த சர்வேல சுமார் 11 லட்சம் ஏக்கர்ல ஃபர் மரங்க செத்துட்டு இருக்கறத பாத்தாங்க, வறட்சி, அந்த வெயில், அதுக்கு மேல பூச்சி, எல்லாம் சேந்து. காட்லயே அந்த கதின்னா நம்ம பேக்யார்ட் எம்மாத்திரம்.

எடம். ஊர்ல தென்னங்கண்ணு வெக்கறப்பவே 25 அடி விடுன்னு தாத்தா சொல்லுவாரு, இதுல பெரிய வகையெல்லாம் தென்னைய விட உசரமா போற மரம், ஆனா ஜனங்க சுவத்துல இருந்து 8 அடில வெக்கறாங்க. பெருசா போற வகைக்கு வீட்டுல இருந்து 30 அடியாவது விடுங்க, சின்ன வகைக்கு 12–15. மேல கரண்ட் கம்பி இருந்தா அந்தப் பேச்சே வேணாம்.

நிழல். இத யாருமே யோசிக்கறதில்ல. டிசம்பர்ல இங்க நடுப்பகல் சூரியனே தரையில இருந்து 19 டிகிரி உயரத்துலதான் இருக்கும். 60 அடி மரத்தோட நிழல் 170 அடிக்கு விழும். மேப்பிள்னா குளிர்காலத்துல இலை கொட்டி வெளிச்சம் விடும், ஃபர் விடாது. தெற்குப் பக்கம் வெச்சீங்கன்னா இருக்கற கொஞ்சநஞ்ச வெயிலும் போச்சு, கூரைல பாசி, சோலார் பேனல் போட்டிருந்தா அதுவும் வேஸ்ட். வடக்குப் பக்கம் வைங்க, ஆனா அந்த நிழல் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகும்ங்கறதயும் கொஞ்சம் யோசிங்க.

காத்து, பூச்சி, செலவு. இது மரத்துக்கு மரம் மாறுது, கீழ ஒவ்வொண்ணுலயும் சொல்றேன்.

ஒரே பார்வையில பாக்கணும்னா (உயரம் அகலம் எல்லாம் வீட்டுத் தோட்டத்துல பல பத்து வருஷம் கழிச்சு, காட்டுக் கணக்கு வேற):

| மரம் | உயரம் | அகலம் | ஈர மண் | வறண்ட கோடை | வளர்ற வேகம் |
|---|---|---|---|---|---|
| டக்ளஸ் | 70–100 அடி, மேலயும் போகும் | 20–30 அடி | தேங்கினா ஆகாது | வேர் பிடிச்சப்புறம் நல்லா தாங்கும் | வேகம் |
| கிராண்ட் | 80–120 அடி | 25–30 அடி | ஓரளவு தாங்கும் | சுமார் | வேகம் |
| நோபிள் | 50–100 அடி | 20–25 அடி | ரொம்ப மோசம் | சுமாருக்கும் கீழ | மொதல்ல ரொம்ப மெதுவா |
| கான்கலர் | 30–50 அடி | 15–25 அடி | மோசம் | இருக்கறதுலயே பெஸ்ட் | மெதுவா, அப்புறம் நடுத்தரம் |
| நார்ட்மன் | 40–60 அடி | 15–25 அடி | மத்ததவிட பரவால்ல | நல்லாவே தாங்கும் | மெதுவா, அப்புறம் நடுத்தரம் |
| கொரியன் | 15–30 அடி | 8–15 அடி | மோசம் | சுமார் | மெதுவா |

## டக்ளஸ் ஃபர்

மொதல் விஷயம், இது உண்மையான ஃபரே கிடையாது. உண்மையான ஃபர்னா ஏபிஸ் ஜாதி, இது சூடோட்சூகா, தனி ஜாதி. கண்டுபுடிக்கறது சுலபம்: நிஜ ஃபரோட கோன் (விதை இருக்கற செதில் காய்) கிளை மேல மெழுகுவத்தி மாதிரி நிமிந்து உக்காந்திருக்கும், பழுத்ததும் மரத்துலயே உதிர்ந்து தூளாயிடும், அதனால கீழ முழு கோன் கெடைக்காது. டக்ளஸோடது தொங்கும், முழுசா கீழ விழும், செதில் நடுவுல மூணு முனை நாக்கு நீட்டிட்டு இருக்கும், எலி தலைய உள்ள விட்டு வாலும் பின்னங்காலும் மட்டும் வெளில தெரியற மாதிரி. என் பொண்ணு கிண்டர்கார்டன்ல அந்த எலிக் கதையக் கேட்டுட்டு வந்து ஒரு வருஷம் பொறுக்கிட்டு இருந்தா, ஷூ ரேக் முழுக்க கோன். பேரு 1825ல கொலம்பியா நதிப் பக்கம் வந்து செடி விதை சேகரிச்ச ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் டக்ளஸோடது.

ப்ளஸ் என்னன்னா இது இந்த மண்ணுக்காரன். பள்ளத்தாக்குல இருந்து மலை வரைக்கும் தானா முளைக்குது, ரெண்டு மூணு கோடை தண்ணி காட்டிட்டா அப்புறம் தானே பாத்துக்கும், நல்ல எடத்துல வருஷத்துக்கு 2 அடி போகும். ஏபிஸ் ஜாதி ஃபரைத் தாக்கற பால்சம் ஊலி அடெல்ஜிட்ங்கற பூச்சி இதத் தொடாது. விலையும் இருக்கறதுலயே கம்மி, குளிர்காலத்துல கிங் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட் (மண்ணு, தண்ணி பாதுகாக்கற உள்ளூர் அமைப்பு) மாதிரி இடங்கள்ல மண்ணில்லாத வேரோட சின்னக் கண்ணா கட்டு கட்டா விப்பாங்க.

மைனஸ் என்னன்னா அது நிக்காது, போயிட்டே இருக்கும். காட்டுல 300 அடி தாண்டினதும் உண்டு. ஹார்ட்பான் மேல வளந்தா வேர் ஆழமா போக முடியாம தட்டு மாதிரி பரவும், மழைல மண்ணு ஊறியிருக்கறப்ப பெருங்காத்து வந்தா தட்டோட அப்படியே தூக்கிடும். 2024 நவம்பர் 19 ராத்திரி நடந்தது அதான். இங்க வழக்கமா தெக்குலேந்துதான் புயல் காத்து வரும், மரங்களும் அதுக்குத்தான் பழகியிருக்கும், அன்னிக்கு கிழக்கால மலைப்பக்கம் இருந்து இறங்கிச்சு, லட்சக்கணக்கான வீட்ல கரண்ட் இல்ல, எங்க தெருவுல மட்டும் மூணு மரம். குறிப்பா கவனிங்க, விழுந்ததுல ரெண்டு, புது லேஅவுட்டுக்காக சுத்தி இருந்ததெல்லாம் வெட்டிட்டு அழகுக்குன்னு ஒத்தையா விட்டு வெச்ச மரம். கூட்டமா வளந்தப்ப ஒண்ணுக்கொண்ணு காத்த மறைச்சிக்கிட்டு இருந்தது திடீர்னு தனியா நின்னா தாங்கறதில்ல. சின்னதுலேந்தே தனியா வளர்றது அதவிட பரவால்ல, அடிமரம் தடிமனா வரும்.

மறைஞ்சு இருக்கற செலவு: வருஷம் ரெண்டு தடவ கூரையோரம் மழைத்தண்ணி ஓடற கட்டர சுத்தம் பண்ணணும், கார் மேல பிசின், அணில் மேல இருந்து பச்ச கோனைப் போட்டு கொல்லப் பாக்கும், மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்க ஆர்பரிஸ்ட கூப்பிட்டு காட்டணும். அதோட நாளைக்கே வேணாம்னு தோணிச்சுன்னா பெரிய மரத்த வெட்ட நெறைய நகரத்துல பெர்மிட் வேணும், விதி ஊருக்கு ஊர் மாறுது. பெர்மிட் கெடைச்சாலும் வீட்டு நடுவுல நிக்கற 90 அடி மரத்த துண்டு துண்டா இறக்கறதுக்கு எங்க தெருவுல ஒருத்தருக்கு குடுத்த கொட்டேஷன பாத்து அவரு மரத்தயே வெச்சுக்கறேன்னுட்டாரு.

யாருக்கு: பாத்தெல் அரை ஏக்கர் நண்பருக்கு, கண்ண மூடிட்டு இதான். வேலியோரமா மூணு கண்ணா சேத்து வைங்க, ஒண்ணா வேணாம்.

## கிராண்ட் ஃபர்

இதுவும் உள்ளூர்தான், நிஜ ஃபர், இலை சீப்பு மாதிரி ரெண்டு பக்கமும் தட்டையா வரிசையா இருக்கும், கசக்கி மோந்தா கமலா ஆரஞ்சு தோல் வாசனை. நிழல்ல வளரும், கொஞ்சம் ஈரமான தாழ்வான எடத்தயும் தாங்கும், வேகமும் இருக்கு. படிச்சா எல்லாம் நல்லாதான் இருக்கு.

ஆனா நான் இத வெக்க மாட்டேன். நான் சொன்ன அந்த அடெல்ஜிட் பூச்சி ஐரோப்பாவுல இருந்து வந்தது, தாழ்வான பகுதில இருக்கற கிராண்ட் ஃபர் அதுக்கு ரொம்ப இஷ்டம். கிளைக் கணுவெல்லாம் மூட்டுவாதம் வந்த விரல் மாதிரி வீங்கும், உச்சி வளையும், வருஷக்கணக்குல மெல்ல மெல்ல போகும். மரம் 70 அடி ஆனப்புறம் மருந்து அடிக்கறதெல்லாம் நடக்கற காரியமா. தோலும் மெலிசு, லான் மோவர் ஒரு இடி இடிச்சா அந்தக் காயத்துல அழுகல் ஏறும். பெரிய இடம், ஓடைக்கரை மாதிரி ஈரம், பின்னாடி காடுன்னு இருந்தா நாலு கண்ணு கலந்து விடுங்க. ஒத்த மரமா வீட்டு முன்னாடி வேணாம்.

## நோபிள் ஃபர்

என் சோகக் கதை. ட்ரீ ஃபார்ம்ல பாத்தா இதவிட அழகு வேற எதுவும் இல்ல: நீலம் கலந்த பச்ச, அடுக்கடுக்கா மாடி கட்டின மாதிரி கிளை, கிளை கம்பி மாதிரி வெறப்பு, எவ்ளோ கனமான அலங்காரம் மாட்டினாலும் தொங்காது. அதனாலதான் கிறிஸ்மஸ் மரத்துல காஸ்ட்லியானது. வீட்டம்மாவுக்கு பாத்த உடனே புடிச்சுப் போச்சு, நர்சரில "இங்க நல்லா வருமா"ன்னு கேட்டேன், "ஓ, இது வாஷிங்டன் மரமாச்சே"ன்னாங்க. அதுல ஒரு பொய்யும் இல்ல, வாஷிங்டன் மரம்தான், ஆனா வாஷிங்டன் மலை மரம். கேஸ்கேட் மலைத்தொடர்ல 3,000 அடிக்கு மேல, கோடை வரைக்கும் பனி உருகி உருகி வடியற சரிவுல வளர்றது. எங்க வீடு கடல் மட்டத்துல இருந்து முந்நூத்திச் சொச்சம் அடி, களிமண், அடில ஹார்ட்பான்.

மொத வருஷம் ஜம்முனு இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் புதுத் துளிர் சின்னதா வந்துச்சு, தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்தினேன். மூணாவது வசந்தத்துல ஒரு கிளை மட்டும் செங்கல் கலர், ரெண்டு மாசத்துல மொத்த மரமும். தோண்டிப் பாத்தா வேரெல்லாம் கருப்பா, தோல் கையோட உருவி வருது. வேரழுகல் வந்த மரமும் தண்ணியில்லாம காயற மரமும் மேல பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், மேல தண்ணி ஊத்தி நானே வேகமா அனுப்பி வெச்சுட்டேன். நர்சரி வாரண்டி ஒரு வருஷம்தான், மூணாவது வருஷம் போய் கேட்டா சிரிக்கறாங்க.

யாருக்கு: மேட்டு நிலம், சரிவு, சரளை கலந்த மண்ணு, மலையடிவாரத்துல உயரமான இடத்துல வீடு. அப்படி இருந்தா வைங்க, அதுக்கு ஈடே கிடையாது. மத்தவங்க டிசம்பர்ல வெட்டின மரமா வாங்கி மூணு வாரம் ரசிச்சுட்டு விட்டுடுங்க.

## கான்கலர், அதாவது வெள்ளை ஃபர்

இது வாஷிங்டன்காரன் இல்ல, ராக்கி மலை, கலிஃபோர்னியா பக்கம். சாம்பல் பூத்த நீலம், ஊசி நீளமா மெத்துனு இருக்கும், குத்தாது. எலுமிச்ச வாசனை. வெயிலையும் வறட்சியையும் ஃபர் ஜாதியிலயே நல்லா தாங்கறது இதான், குளிரும் பயங்கரமா தாங்கும், அதனால டென்வர், டொராண்டோ பக்கம் இருக்கற சொந்தக்காரங்க கேட்டா கூட நான் இதத்தான் மொதல்ல சொல்லுவேன். 30லேந்து 50 அடியோட அடங்கிடறதால சாதாரண சைஸ் பேக்யார்டுக்கும் ஒத்து வரும்.

ஒரே நிபந்தனை, கால் நனையக் கூடாது. மேற்கு வாஷிங்டன் குளிர்காலத்துல மண்ணு சொதசொதன்னு இருக்கற எடத்துல வெச்சா நோபிள் கதிதான். வெயில் நல்லா அடிக்கற மேற்கு, தெற்குச் சரிவு, மண்ணு உதிரியா இருந்தா தைரியமா போங்க. நிழல்ல வெச்சா கீழ்க்கிளையெல்லாம் மொட்டையாகும், ஃபர்ல ஒரு தடவ மொட்டையான எடத்துல திரும்ப துளிர்க்காதுங்கறத ஞாபகம் வெச்சுக்கோங்க, வேப்பமரம் மாதிரி வெட்டின இடத்துல பொசுக்குனு கெளம்பற ஜாதி இல்ல இது.

## நார்ட்மன் ஃபர்

கருங்கடல் ஓரம், காகசஸ் மலை, ஜார்ஜியா துருக்கி பக்கத்து மரம். ஐரோப்பாவுல கிறிஸ்மஸ் மரம்னாலே பெரும்பாலும் இதான், டென்மார்க்ல இதுக்குன்னே பண்ணை பண்ணையா வளக்கறாங்க, விதை மட்டும் இன்னமும் ஜார்ஜியாவுல அம்ப்ரோலௌரி பக்கத்து காட்டுல மரத்து உச்சிக்கு ஏறிப் பறிச்ச கோன்லேந்து வருது. பளபளப்பான கரும்பச்ச, ஊசி கொட்டவே கொட்டாது.

நோபிள் போனப்புறம் கொஞ்சம் படிச்சேன், படிச்சதுல தெரிஞ்சது, பைட்டோஃப்தோரா வேரழுகல நார்ட்மனும் அதோட சொந்தக்காரனான டர்கிஷ் ஃபரும் நோபிள விட நல்லா தாங்குதுன்னு. இங்க கிறிஸ்மஸ் மரம் வளக்கற விவசாயிங்களே, நோபிள் அழுகிப் போன வயல்ல இத வெச்சுப் பாக்கறாங்க. துளிர் விடறதும் லேட், அதனால ஏப்ரல் பனில கருகாது. அதுக்காக கொளத்துல வெக்கலாம்னு அர்த்தமில்ல. நான் வெச்சப்போ பக்கத்துலயே ஒன்றரை அடி உயரம், எட்டு அடி அகலத்துக்கு மேடு கட்டி அது மேலதான் வெச்சேன்.

மைனஸ்: மொத நாலஞ்சு வருஷம் பொறுமைய சோதிக்கும். என்னோடது மொத ரெண்டு வருஷம் வருஷத்துக்கு ஒரு சாண் கூட போகல, செத்துப் போச்சோன்னு நகத்தால சுரண்டிச் சுரண்டிப் பாத்தேன். உள்ளூர் பறவை பூச்சிக்கெல்லாம் டக்ளஸ் அளவுக்கு இதால பிரயோஜனம் இருக்காது. விலையும் கூட. மத்தபடி பெருசும் இல்லாம சின்னதும் இல்லாம ஒரு கம்பீரமான மரம் வேணும், மண்ணப் பத்தி அவ்ளோ நம்பிக்கை இல்லன்னா, என் ஓட்டு இதுக்குத்தான்.

## கொரியன் ஃபர்

தென்கொரியாவுல ஜேஜு தீவு, ஹல்லாசான் மலை மாதிரி சில மலைகள்ல மட்டும் இருக்கறது, அங்கயே இப்ப அழிஞ்சிட்டு வருது. இடுப்பளவு இருக்கறப்பவே ஊதா கலர்ல கோன் நிமித்தி வரிசையா உக்கார வெக்கும், கத்திரிக்கா செடிய தலகீழா மாட்டின மாதிரி இருக்கும், வர்றவங்க எல்லாம் இது நெசமான்னு தொட்டுப் பாப்பாங்க. 15–30 அடியோட சரி. ஊசி சுருண்டு அடிப்பக்க வெள்ளி தெரியற ஒரு ரகம் உண்டு, ஹார்ஸ்ட்மன்ஸ் சில்பர்லாக்கன்னு பேரு, அது ஒட்டுச் செடி, சின்னதுக்கே கொள்ள வில.

மேற்கு வெயில் ஆகாது, மதியத்துக்கு மேல நிழல் விழற எடமா பாருங்க, தண்ணியும் நிக்கக் கூடாது. 22 அடி நண்பருக்கு இடத்த மட்டும் பாத்தா இதுதான் பொருந்துது.

## சின்னக் கண்ணா, பெரிய மரமா?

இதுலயும் எல்லாரும் தப்பு பண்றோம், நானும் பண்ணேன். 7 அடி மரத்த மண் உருண்டையோட சாக்குல கட்டி வித்தா உடனே மரம் இருக்கற மாதிரி தோணும், ஆனா தோண்டறப்பவே அதோட வேர்ல பெரும்பகுதி வயல்லயே போயிடும், அந்த அதிர்ச்சில இருந்து தேறி வர மூணு நாலு வருஷம் சும்மா நிக்கும், அதுக்குள்ள 2 அடில வெச்ச கண்ணு அத எட்டிப் புடிக்க ஆரம்பிச்சிடும். விலை பத்து மடங்கு, தூக்கி வெக்க ஆள் கூலி தனி, செத்தா மனசு வலி தனி. அண்டை வீட்டு ஜன்னல மறைக்கணும்ங்கற அவசரம் இருந்தா தவிர ஒரு கேலன், ரெண்டு கேலன் தொட்டிச் செடி போதும். வாங்கறப்போ தொட்டில இருந்து உருவிப் பாருங்க, வேர் சுத்திச் சுத்தி கயிறு மாதிரி இருந்தா வெச்சுட்டு வந்துடுங்க.

அக்டோபர் நவம்பர்ல நடுங்க, மழையே மிச்சத்த பாத்துக்கும். குழி அகலமா இருக்கணும், ஆழமா இல்ல. அடிமரம் வேரா விரியற எடம் மண்ணுக்கு மேல தெரியணும். சாக்கு, கம்பி வலை இருந்தா எடுத்துடுங்க. குழிக்குள்ள கம்போஸ்ட், உரம் கொட்டாதீங்க, தோண்டின மண்ணயே திருப்பிப் போடுங்க. இல்லாட்டி அந்தக் குழியே ஒரு தொட்டி மாதிரி ஆகி தண்ணி பிடிச்சு வெச்சுக்கும், வேரும் வெளில போகாது. மேல மூணு நாலு இன்ச் உட் சிப்ஸ், தண்டத் தொடாம.

தண்ணிதான் உண்மையான செலவு. தண்டு தடிமன் ஒரு இன்ச்சுக்கு வாரம் 10 கேலன்னு கணக்கு, 2 இன்ச் மரத்துக்கு வாரம் 20. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சீசனுக்கு 300 கேலன் சொச்சம், இப்படி மூணு கோடை. தண்ணி பில்லு பெருசா ஏறாது, ஆனா ஜூலைல டிக்கெட் போட்டு ஆறு வாரம் ஊருக்குப் போறோம் பாருங்க, அங்கதான் மரம் சாவுது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு காசு குடுத்தாவது ஊத்தச் சொல்லுங்க. தண்ணிய தினம் கொஞ்சம் கொஞ்சம் ஸ்ப்ரிங்க்ளர்ல அடிக்காம வாரம் ஒருக்க மெதுவா ஆழமா விடணும்.

இலையுதிர் காலத்துல உள்பக்கத்து பழைய ஊசி மஞ்சளாகி கொட்டும், பயப்படாதீங்க, அது வழக்கம். நுனி பழுத்தாதான் பிரச்சன.

தொட்டி கிறிஸ்மஸ் மரக்காரருக்கு: ஹீட்டர் போட்ட ஹால்ல ஒரு வாரம், மிஞ்சினா பத்து நாள்தான் அதுக்கு. அதுக்கு மேல வெச்சா குளிர்காலம் முடிஞ்சுதுன்னு நெனச்சு முழிச்சுக்கும், வெளில வெச்சதும் கருகும். ரெண்டு வாரம் கராஜ்ல வெச்சு பழக்கிட்டு, மண்ணு உறையாத நாளா பாத்து நட்டுடுங்க. அடில லேபிள் இருக்கும், நோபிள்னு போட்டிருந்தா மேல உள்ள என் கதைய இன்னொரு தடவ படிச்சுக்கோங்க.

## ஏற்கனவே பெரிய மரம் இருந்தா

வீட்டோட வந்த பெரிய மரத்தப் பாத்து பயந்து மூணு யோசனை வரும்: உச்சிய வெட்டறது, கிளை கழிக்கறது, மொத்தமா எடுக்கறது. மொதல் யோசனைய மறந்துடுங்க. கொண்டைய வெட்டினா அந்த எடத்துல ரெண்டு மூணு புது உச்சி கெளம்பும், அடில அழுகல் இருக்கும், பத்து வருஷம் கழிச்சு அதுல ஒண்ணு காத்துல பிச்சுக்கிட்டு வரும், முன்ன இருந்தத விட அதிக ஆபத்து. வாசல்ல ட்ரக்க நிறுத்தி "மூணு மரத்துக்கும் உச்சிய எடுத்துடறோம் சார், டிஸ்கவுண்ட்"னு வர்றவங்கள அனுப்பிடுங்க. காஞ்ச கிளைய எடுக்கறது, கூரைல உரசறத எடுக்கறது சரி, பச்சக் கிளைல கால் பங்குக்கு மேல ஒரே தடவைல கை வெக்க விடாதீங்க.

எடுக்கறதா வேணாமாங்கறத மரம் வெட்டி காசு பாக்கற கம்பெனிகிட்ட கேக்காதீங்க, ரிஸ்க் அசெஸ்மென்ட் சர்டிஃபிகேட் வெச்சிருக்கற ஆர்பரிஸ்ட் யாரையாவது தனியா காசு குடுத்து வரச் சொல்லுங்க. அடிமரத்துல காளான், ஒரு பக்கம் மண்ணு மேல எழும்பி வெடிப்பு, திடீர்னு வந்த சாய்வு, உச்சி மெலிஞ்சுகிட்டே போறது, இதெல்லாம் இருந்தா தள்ளிப் போடாதீங்க. இது எதுவும் இல்லாம காத்துல ஆடுதுங்கறது மட்டும்தான் பயம்னா, ஆடட்டும், ஆடறதுதான் அதோட வேலை.

சமாமிஷ் நண்பர் போன சனிக்கிழம குழி தோண்டி தண்ணி ஊத்திப் பாத்தாரு. ஞாயித்துக்கிழம காலைல போட்டோ அனுப்பினாரு, பாதிக் குழி தண்ணி அப்படியே நிக்குது, மேல ஒரு மேப்பிள் இலை மெதக்குது. நோபிள் ஆசை அதோட முடிஞ்சுது. ரெண்டு வழி சொல்லியிருக்கேன்: மேடு கட்டி, மதிய நிழல் விழற கிழக்கு மூலைல கொரியன், இல்லன்னா ஃபரே வேணாம்னு அந்த ஈரத்த விரும்பற வெஸ்டர்ன் ரெட் சீடர், ஆனா அது 22 அடிக்கு அடங்காது, கத்தரிச்சு வேலியா வளக்கணும். மேடு கட்ட ரெண்டு கியூபிக் யார்ட் மண்ணு இந்த வாரம் வருதாம், சக்கர வண்டி என்கிட்டதான் இருக்கு, அதனால நானும் போயாகணும்.